பேங்க் கம்மல்

செல்வி கேட்டது வசூலைப் பற்றி. நான் எழுத உட்கார்ந்தால் ஒரு மாட்டின் காதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

செல்வி என்னிடம் எழுத்தராக வேலை பார்த்தவள். வங்கி வேலையை விட்டுவிட்டு, பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். இப்போது அங்கே புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "மேடம், வர்ற பொண்ணுங்க ரெண்டு வாரம் ஊர் ஊராப் போய் வசூல் பண்ணிட்டு, டென்ஷன் தாங்காம வுட்டுட்டு ஓடுதுங்க. நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படித்தான் வசூல் பண்ணீங்க? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, படிச்சிக் காட்டறேன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதுவேன், எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன், வாசலுக்கு வந்து நிற்பேன், மறுபடி உட்காருவேன். "ரிட்டயர் ஆனது பேங்க்குலேருந்துதான், உன் காலு இன்னும் ஆகல" என்று என் கணவர் கிண்டல் செய்கிறார். எங்கள் தெருவில் ஒரு பெண் போனிலேயே கடன் வாங்குகிறாள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் பணம் வந்துவிடுகிறது. அவள் என்ன வேலை செய்கிறாள், எதற்குக் கடன், திருப்பிக் கட்ட முடியுமா என்று ஒருவரும் வந்து பார்ப்பதில்லை. ஒரு தவணை தவறினால் மட்டும் ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறான். இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உடனே, நாங்கள் மட்டும் என்ன கிழித்தோம் என்ற நினைப்பும் வருகிறது.

நான் வேலையில் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பழைய நெல் மண்டியின் மாடியில் எங்கள் கிளை. எனக்குக் கள அலுவலர் பதவி. அதாவது நாற்காலி உண்டு, உட்காரக் கூடாது. பயிற்சி என்று நகரத்துக்கு அனுப்பினார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, கறவை மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும், அதில் கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். கரும்பலகை மாட்டுக்கு நோய் வரவில்லை, வறட்சி வரவில்லை, அது சினை பிடிக்காமலும் போகவில்லை. பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் பெயர் அமீனா. எங்கள் அத்தாவுக்கு செஞ்சிக் கடைத்தெருவில் கயிறு, சாக்கு வியாபாரம். பெண் பிள்ளைக்கு ஆசையாய் வைத்த பெயர். ஆனால் கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வரும் ஊழியரையும் எங்கள் பக்கத்தில் அமீனா என்றுதான் சொல்வார்கள். "பேங்க்குலேருந்து அமீனா வராங்க" என்று சேதி போனதும் ஒரு ஊரில் பித்தளைக் குடத்தையெல்லாம் வைக்கோல் போரில் சொருகிவிட்டார்கள். நான் கடன் கொடுக்கத்தான் போயிருந்தேன்.

எங்கள் மேலாளர் சம்பந்தம் சார். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கடன்காரர் நின்றுகொண்டிருந்தால் அவரும் எழுந்து நின்றுகொள்வார். "சார் நிக்கிறாரே" என்று சங்கடப்பட்டே பாதிப் பேர் சுருக்கமாகப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அது மரியாதையா தந்திரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்த தபால் உறைகளைப் பிரித்து, திருப்பி மடித்து, உள்பக்கத்தில் எழுதுவார். ஆறிப்போன டீயைத்தான் குடிப்பார்.

கிராமத்துக்குப் போய்விட்டு வந்தால் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஒரே கேள்விதான். "பார்த்தது எது, கேட்டது எது?" மாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பார்த்தீர்களா, வீட்டுக்காரர் சொன்னாரா? பார்த்தீர்கள் என்றால் கட்டுத்தறியில் சாணம் இருந்ததா? ஈரமாக இருந்ததா? முதல் வருடம் நான் இந்தக் கேள்விக்குப் பயந்தே சாணத்தைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். ஒருமுறை அறிக்கையில் "பாவம், மிகவும் ஏழை" என்று எழுதிவிட்டேன். பேனாவை எடுத்து ஒரு சொல்லை மட்டும் அடித்தார். "பாவம்ங்கறது உங்க மனசுல இருக்கறது அம்மா. அவங்க வீட்டுல இருக்கறதை மட்டும் எழுதுங்க" என்றார். அன்று முழுவதும் அவர்மேல் எரிச்சலாக இருந்தது.

அப்போது எங்கள் பெரிய வேலை, அரசாங்கத் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன். ஒரு பங்கு மானியம், மீதி வங்கிக் கடன். பிளாக் ஆபீஸிலிருந்து பட்டியல் வரும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான், மாட்டு டாக்டர், அவருடைய கம்பவுண்டர், கடன் வாங்குபவர் எல்லோரும் கூட வேண்டும். டாக்டர் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார், மடியைப் பார்ப்பார். விலை பேசுவது தரகர் வேலை. விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்துப் பிடித்து விலை முடியும். துண்டுக்குள் முடிந்த விலை ஒன்று, எங்கள் ரசீதில் ஏறும் விலை வேறு என்பது சந்தையில் நின்ற மாடுகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிந்தும் என்ன பயன்? துண்டுக்குள் நடப்பதை நான் பார்க்கவில்லை. கேட்டதுதான்.

விலை முடிந்ததும் கம்பவுண்டர் இடுக்கியோடு வருவார். மாட்டின் காதில் ஒரு பித்தளை வில்லையை வைத்து அழுத்துவார். அதில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணின் பேரில்தான் இன்சூரன்ஸ். மாடு செத்துவிட்டால், வில்லையோடு அந்தக் காதை அறுத்துக் கொடுத்தால்தான் இன்சூரன்ஸ் பணம் வரும், கடன் அடையும். வில்லை இல்லையென்றால் மாடே இல்லை. ஜனங்கள் அதற்கு 'பேங்க் கம்மல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பச்சையம்மாளை நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு சந்தையில்தான். தளவானூர் பக்கத்துக்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கணவர் கல் உடைக்கும் வேலை. தரகர் ஏழுமலை இழுத்து வந்து நிறுத்திய மாடுகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் ஓரமாக நின்ற ஒரு செவலை மாட்டின் கழுத்தில் கை வைத்து, "இத்த வாங்கிக் குடுங்க" என்றாள். ஏழுமலைக்கு அதில் கமிஷன் இல்லை போலிருக்கிறது. முகம் தொங்கிவிட்டது.

கம்பவுண்டர் இடுக்கியை எடுத்ததும் அவள் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இன்னாம்மா இது, நாளு பாக்காம காது குத்துறீங்க?"

"மாட்டுக்கெல்லாம் நாளு பாப்பாங்களா? நவுரு" என்றார் கம்பவுண்டர்.

"எம்மூட்டுக்கு வர்ற மொதப் பொண்ணு. வெறுங்காதுல ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சி அனுப்புவீங்களா?"

"அப்ப தாய்மாமன் மடில ஒக்கார வெச்சிதான் குத்தணும். ஏழுமலை, வந்து ஒக்காருய்யா!"

சந்தையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து மஞ்சள் கிழங்கை எடுத்து உரைத்து மாட்டின் காதில் தடவினாள். கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். பிறகு மாட்டின் கண்ணைத் தன் கையால் மூடிக்கொண்டு, "இப்ப குத்து" என்றாள். டக்கென்று வில்லை ஏறியது. மாடு உதறியது. அவளும் கூடவே உதறினாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு கவலையும் கொடுக்கவில்லை. கவலை கொடுப்பவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. ஒரே மாடு மூன்று பேருக்கு மாடாக நிற்கும். ஆய்வுக்கு நான் ஒரு தெருவில் நுழைந்தால் அது பின்பக்கமாக அடுத்த தெருவுக்குப் போகும். தேர்தல் வந்தால் "கடனெல்லாம் தள்ளுபடி ஆவப் போவுது" என்று ஒரு பேச்சு கிளம்பும். உடனே கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிடுவார்கள். "கட்டறவன் இளிச்சவாயனா?" என்று என்னிடமே கேட்பார்கள். மேல்சித்தாமூர் வரை நடந்து போய் வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் பச்சையம்மாளின் தவணை பால் சொசைட்டியிலிருந்து வந்துவிடும். மாடு கன்று ஈன்றது. கிடேரிக் கன்று. கன்று ஈன்ற சீம்பாலைக் காய்ச்சி எனக்கென்று ஒரு தூக்கில் வைத்திருந்தாள். வங்கி ஊழியர் கடன்காரரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று சொன்னதற்கு, "பாலு பேங்க்குக்கு, சீம்பாலு ஒனக்கு" என்றாள். அங்கேயே நின்று தின்றேன்.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். செஞ்சிக்கு மேற்கே ஒரு ஊரில் ராஜமாணிக்கம் என்றொருவர். அவரும் மாட்டுக் கடன் வாங்கியவர். ஒருநாள் மாடு செத்துவிட்டது என்று வாழையிலையில் சுற்றிக் காதைக் கொண்டுவந்தார். வில்லை இருந்தது, எண் சரியாக இருந்தது, சான்றிதழ்கூட எப்படியோ வாங்கியிருந்தார். இன்சூரன்ஸ் பணம் வந்தது, கணக்கு முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். அவருடைய மச்சான் வீட்டு வாசலில் ஒரு மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு காதுதான் இருந்தது.

"இது யாரு மாடு?"

"நம்ம மாடுதான் மேடம்" என்றார் மச்சான்.

"காது எங்க?"

"நாய் கடிச்சிட்ச்சி."

கத்தியால் அறுத்த மாதிரி நேராகக் கடித்திருந்தது அந்த நாய். உயிரோடு இருக்கும் மாட்டின் காதை அறுத்திருக்கிறார்கள். ஓடிவந்து சம்பந்தம் சாரிடம் சொன்னேன். வழக்கமான கேள்வி. பார்த்தது, ஒற்றைக் காது மாடு. கேட்டது, நாய் கடித்தது. இரண்டையும் அப்படியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினார். அவர்கள் ராஜமாணிக்கத்தை ஒன்றும் செய்யவில்லை. சாட்சி இல்லை, காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். அதற்குப் பதிலாக எல்லோருக்கும் விதியை இறுக்கினார்கள். காது, அதில் பொருத்தியபடி வில்லை, காது அறுக்கும்போது டாக்டர் அருகில் இருந்தாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் பணம் கிடையாது.

நான் செய்தது தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்த விதி முதலில் போய் யார் தலையில் விழுந்தது என்பதை நினைத்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடத் தோன்றுகிறது.

ஒரு மழைக்காலத்தில் பச்சையம்மாளின் மாடு செத்தது. நனைந்த வேர்க்கடலைக் கொடியை அளவில்லாமல் தின்றுவிட்டு வயிறு உப்பிப் போனது. அவள் முறைப்படிதான் செய்தாள். டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து பார்த்தார். காதில் வில்லை இல்லை.

"வில்லை எங்கம்மா?"

அவள் உள்ளே போய் மஞ்சள் டப்பாவைத் திறந்து எடுத்து வந்தாள். புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்ததால் பளபளவென்று இருந்தது.

நடந்தது இதுதான். போன மழைக்கே வில்லை போட்ட இடம் சீழ் பிடித்து, ஈ மொய்த்து, புழு வைத்துவிட்டது. அவள் வில்லையை வெட்டிக் கழற்றி, கற்பூரத்தையும் வேப்பெண்ணெயையும் ஊற்றிப் புண்ணை ஆற்றிவிட்டாள். கழற்றிய கம்மலை வீட்டில் பத்திரமாக வைப்பதுபோல் வைத்துவிட்டாள். வங்கியில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாதாமாதம் போய் மாட்டைப் பார்த்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. எனக்கும் ஊர்கள் அதிகமாகிவிட்டன. நன்றாகக் கட்டுகிற வீட்டுப் பக்கம் யார் போகிறார்கள்?

டாக்டர் நேர்மையான மனிதர். பார்த்ததை எழுதினார். மாடு வயிறு உப்பி இறந்தது, காதில் வில்லை இல்லை, உரிமையாளர் தனியே கொடுத்தார். காதை அறுக்கச் சொல்லவில்லை. உப்புக் கொட்டி மாட்டைப் புதைத்துவிட்டார்கள். விழுப்புரத்து இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. இறந்த மாடும் காப்பீடு செய்த மாடும் ஒன்றுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அதன் அர்த்தம் என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. கடன் பத்திரத்தில் ஒரு வரி உண்டு. மாடும், அது ஈனும் கன்றுகளும் வங்கிக்கு ஈடு. மாடு போய்விட்டது. இன்சூரன்ஸ் இல்லை. மிச்சம் இருப்பது கிடேரி. அது வளர்ந்து, முதல் சினையாக இருந்தது. அதையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால் அந்த வீட்டில் பாலும் இல்லை, தவணைக்கு வழியும் இல்லை.

நான் போய்ச் சொன்னேன்.

"காது இருந்தா குடுப்பாங்களா?"

"காதையும் வில்லையையும் சேத்துக் கேக்கறாங்க."

"ஓட்டை இருக்குதில்ல, அதுல வில்ல பொருந்துதா பாக்கச் சொல்லு."

இரண்டு நாள் கழித்து, பத்து மணிக்குக் கிளை திறந்த நேரம், பச்சையம்மாள் மாடியேறி வந்தாள். கையில் மூடிபோட்ட அலுமினியத் தூக்கு. அவளுக்கு முன்னால் வாடை வந்தது. காசாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வரிசையில் நின்றவர்கள் படியில் இறங்கிவிட்டார்கள். குழியைத் தோண்டி எடுத்திருக்கிறாள். புருஷன் மாட்டேன் என்று சொல்ல, இவளே தோண்டியிருக்கிறாள். உள்ளே உப்புக்கு நடுவில் காது.

சம்பந்தம் சார் எழுந்து நின்று இரண்டு கையாலும் அந்தத் தூக்கை வாங்கிக்கொண்டார். மேசைமேல் ஒரு பழைய உறையை விரித்து, காதை எடுத்து வைத்தார். முகம் சுளிக்கவில்லை. நடுவில் ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் காய்த்து ஆறியிருந்தது. வில்லையை வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது.

"இப்ப ஆச்சில்ல சாரு?" என்றாள் பச்சையம்மாள்.

"நான் பார்த்ததை எழுதறேன்மா" என்றார்.

காதையும் வில்லையையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அரக்கு வைத்து என்னிடம் கொடுத்தார்கள். விழுப்புரம் பஸ்ஸில் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அரக்கையும் மீறி வாடை வந்தது. "கருவாடுன்னா டாப்புல போட்டுருக்கலாமே மேடம்" என்றார் கண்டக்டர். மாட்டின் காது என்று சொன்னேன். அதற்குப் பிறகு விழுப்புரம் வரை என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை.

இன்சூரன்ஸ் ஆய்வாளர் வாட்டசாட்டமான மனிதர். புட்டியை ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலட்சியமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், இது அந்த மாடுதான். நான் நம்பறேன். ஆனா ஓட்டை நல்லா ஆறிப்போயிருக்கு பாருங்க. அப்படின்னா மாடு சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே வில்லையைக் கழட்டியிருக்காங்க. வில்லை இல்லாத மாட்டுக்கு அன்னிக்கோட காப்பீடு முடிஞ்சது. இந்தக் காது வராம இருந்திருந்தா, மேல் முறையீட்டுல ஏதாவது பேசிப் பாத்திருக்கலாம். இப்ப அதுக்கும் வழியில்ல."

அவள் குழி தோண்டி எடுத்துக்கொடுத்த ஆதாரமே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. புண்ணை ஆற்றாமல் புழுவோடு விட்டிருந்தால் பணம் வந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. அந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் நின்று, போகிற பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தேன். செஞ்சிக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மண்டல அலுவலகத்திலிருந்து ஓலை வர அதிக நாளாகவில்லை. ஈட்டிலுள்ள கால்நடையைக் கைப்பற்றி விற்றுக் கணக்கை முடிக்கவும். சம்பந்தம் சார் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"நாளைக்குத் தளவானூர் போகணும் அம்மா. மாட்டை ஓட்டி வரக் கயிறு வேணும். உங்க அப்பா கடையில வாங்கிட்டு வந்துடுங்க, செலவுல எழுதிக்கலாம்."

சாயங்காலம் கடைக்குப் போனேன். எங்கள் அத்தா சாக்கு எண்ணிக்கொண்டிருந்தார். மாட்டுக் கயிறு வேண்டும் என்றேன்.

"நீ எப்பம்மா மாடு வாங்கின?"

சொன்னேன். பச்சையம்மாள் காதைத் தோண்டி எடுத்த கதை செஞ்சி முழுக்கத் தெரிந்திருந்தது. அத்தா சாக்கு எண்ணுவதை நிறுத்தவில்லை.

"கயிறு ஸ்டாக் இல்லன்னு சொல்லிடு" என்றார்.

அவர் தலைக்கு மேலே தாம்புக் கயிறும் மூக்கணாங்கயிறும் கட்டுக் கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் நானும் சம்பந்தம் சாரும் பஸ்ஸில் தளவானூர் போனோம். ஊர்த் தலையாரி வந்து சேர்ந்துகொண்டார். பச்சையம்மாள் வாசலில் கிடேரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் வயிறு நன்றாக இறங்கியிருந்தது. அழவில்லை, கும்பிடவில்லை. "ஓட்டினு போங்க. நா தடுக்கல. ஆனா நடு வழியில ஈனிட்ச்சின்னா இன்னா பண்ணுவீங்க? அத்த மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

சார் வழக்கம்போல நின்றார். கிடேரியைச் சுற்றி வந்து பார்த்தார். அதன் இரண்டு காதுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கயிறு எங்க அம்மா?"

"இல்ல சார். கடையில ஸ்டாக் இல்ல."

"பார்த்தது எது, கேட்டது எது?"

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. "பார்த்தது கடை நிறையக் கயிறு சார். கேட்டது ஸ்டாக் இல்லன்னு."

அவர் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சட்டைப் பையிலிருந்து மடித்த உறையை எடுத்து, அங்கேயே தலையாரி முதுகில் வைத்து எழுதினார். கிடேரி நிறை சினை. ஓட்டி வருவது உகந்ததல்ல. விற்றால் கடனில் பாதியும் தேறாது. கன்று ஈன்றபின் பாலிலிருந்து தவணை பெறலாம். காலம் நீட்டிக்கப் பரிந்துரைக்கிறேன். எழுதியதைத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினார். "இதுல 'பாவம்'னு எங்கயும் இல்ல, பார்த்தீங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்த்ததுதான். எனக்கு அவர்மேல் இருந்த பழைய எரிச்சலெல்லாம் அன்றோடு போனது.

காலம் நீட்டித்தார்கள். சாருக்கு மெமோவும் வந்தது, உத்தரவை மீறியதற்கு. அடுத்த இடமாற்றப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எங்கேயோ வடக்கு எல்லையில் ஒரு கிளை. மெமோவைத் தன் கையாலேயே கோப்பில் கோத்துவிட்டுப் போனார்.

கிடேரி கன்று ஈன்றது. பச்சையம்மாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, செத்துப்போன மாட்டின் கடனை உயிரோடிருக்கும் மாட்டின் பாலில் கட்டினாள். கணக்கு முடிந்த அன்று மாடியேறி வந்து வில்லையைக் கேட்டாள். அது விழுப்புரத்தில் எந்த அலமாரியில் கிடந்ததோ. நான் எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஊருக்கு ஊர் கடன் மேளா. பந்தல், மைக், மாலை எல்லாம் உண்டு. புதிதாக வந்த மேலாளருக்குத் தலைக்கு மேல் டார்கெட். "ஒழுங்கா கட்டி முடிச்ச பார்ட்டி யாரு இருக்காங்க? பிடிச்சிட்டு வாங்க மேடம், ரெண்டு மாடா குடுத்துடலாம்" என்றார். பட்டியலில் ராஜமாணிக்கம் பெயர் முன்பே ஏறியிருந்தது. அவர் கணக்கில் ஒரு குறையும் இல்லையே. இன்சூரன்ஸ் பணத்தில் முடிந்த சுத்தமான கணக்கு. நான் வாயைத் திறந்தேன். "ஆதாரம் இருக்கா மேடம்?" என்றார். மூடிக்கொண்டேன்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நானே தளவானூருக்குப் போனேன். பச்சையம்மாள் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். மானியம் இவ்வளவு, கடன் இவ்வளவு, இந்தத் தடவை இரண்டு மாடு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவளுக்கு ஏதாவது ஈடு செய்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு அவசரம்.

அவள் வைக்கோலால் மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"காது குத்தாம குடுப்பீங்களாம்மா?"

நான் விண்ணப்பத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"முடியாது பச்சையம்மா. ரூல்ஸ்."

"அப்ப வேணாம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "வெயில்ல வந்துக்கீற. இரு, மோரு குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே போனாள்.

செல்வி, அதற்குப் பிறகு நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எத்தனையோ பேருக்குக் கடன் கொடுத்தேன், எத்தனையோ பேரிடம் வசூல் செய்தேன். பச்சையம்மாள் எங்கள் கிளைப் படியேறவே இல்லை. கட்டாதவர்களை எப்படிக் கட்டவைப்பது என்று உன் பெண்கள் கேட்கிறார்கள். முழுசாகக் கட்டி முடித்தவள் ஏன் திரும்பி வரவில்லை என்று என்னிடம் ஒரு மேலதிகாரியும் கேட்டதில்லை. நீயாவது கேட்கச் சொல்.

அன்று அவள் மோர் கொண்டுவரும்வரை நான் வாசலில் நின்றேன். அந்த மாடு என்னைப் பார்த்துக்கொண்டே ஈயை விரட்டியது. இரண்டு காதும் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக ஆடின. மோரை வாங்கி அங்கேயே நின்று குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.